இளைஞர் முகாம்களில் உணவும் உடலுழைப்பும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நாட்டின் பல பகுதிகளிலும் இளைஞர் முகாம்கள் தொடங்கிவிடுகின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம்கள், தேசிய மாணவர் படையின் பத்து நாள் பயிற்சி முகாம்கள், சாரணர் முகாம்கள், விளையாட்டுப் பயிற்சி முகாம்கள் என அவற்றின் வகை பல. ஊர்ப் பள்ளிக் கட்டடமே பெரும்பாலும் தங்குமிடம், மரத்தடியே சமையற்கூடம், தலைக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்ட தொகைக்குள் மூன்று வேளை உணவும் முடிந்தாக வேண்டும்.

இம்முகாம்களுக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. கல்வியோடு நாட்டுப்பணியையும் இணைக்க வேண்டும் என்ற கருத்தை ஆராய 1959-ஆம் ஆண்டில் சி. டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கட்டாயப் பணி என்று அக்குழு கூறிய யோசனை நடைமுறைக்கு வரவில்லை. கோத்தாரி கல்விக் குழு 1964 முதல் 1966 வரை நடத்திய ஆய்வுக்குப்பின் இக்கருத்து மீண்டும் வலுப்பெற்றது. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்று அதில் பல லட்சம் மாணவர்கள் பங்கு பெறுகின்றனர்.

சாலை போடுதல், குளம் தூர் வாருதல், மரம் நடுதல் ஆகியவற்றில் இம்முகாம்கள் ஆற்றியுள்ள பணியை மறுப்பதற்கில்லை. ஆனால் முகாமுக்கு வந்த இளைஞனும் இளம்பெண்ணும் அந்த ஏழு நாட்களில் என்ன உண்டனர், எவ்வாறு உழைத்தனர், எவ்வளவு ஆடினர் என்பதை முகாம் அறிக்கைகளில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

இக்கட்டுரையாளர் பார்வையிட நேர்ந்த முகாம் ஒன்றில் நான்காம் நாள் பிற்பகல் 'சரிவிகித உணவு' பற்றிய சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் தானியம், பருப்பு, கீரை, கனி, பால் எனப் படம் வரைந்து ஒருவர் தெளிவாகவே விளக்கினார். அன்று நண்பகலில் மாணவர்களுக்குப் பரிமாறப்பட்டதோ வெள்ளைச் சோறு, நீர்த்த பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. உணவு முடிந்த கையோடு அனைவருக்கும் இனிப்புத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். காலையில் மூன்று மணி நேரம் மண் சுமந்த மாணவியர் பலர் முன்வரிசையிலேயே தூங்கி வழிந்தனர். ஒரு பெண் எழுந்து நின்றபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். 'வெயில்' என்று கூறி அவளை உட்கார வைத்தார்கள். கரும்பலகையில் எழுதப்பட்டதற்கும் அண்டாவில் வெந்ததற்கும் எத்தொடர்பும் இருக்கவில்லை.

முகாமின் உண்மையான பாடம் எதுவென்று இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓர் இளைஞனின் மூன்று வேளை உணவு, அவன் துயிலும் நேரம், உழைக்கும் நேரம், ஆடும் நேரம் ஆகிய அனைத்தும் ஒரு கல்வி நிறுவனத்தின் கையில் இருப்பது ஆண்டில் இந்த ஏழு நாட்கள்தாம். வீட்டில் தாய் ஆக்குவதை உண்கிறான். கல்லூரி வாயிலில் கிடைப்பதைக் கொறிக்கிறான். முகாமில் மட்டுமே நாம் தருவதை உண்கிறான். சொற்பொழிவு மறந்துபோகும். ஏழு நாள் உண்டதும் உழைத்ததும் உடலில் பழக்கமாகப் பதியும்.

தேவையும் தட்டும்

இந்திய மக்களின் ஊட்டத் தேவைகளை வரையறுத்துக் கூறும் பொறுப்பு ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துடையது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969-இல் இப்பெயரைப் பெற்றது. அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி 16 முதல் 18 வயதுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3,320 கிலோ கலோரி ஆற்றலும் 55 கிராம் புரதமும் தேவை; அதே வயதுப் பெண்ணுக்கு 2,500 கிலோ கலோரியும் 46 கிராம் புரதமும் தேவை. மிதமாக உழைக்கும் வளர்ந்த ஆணுக்கு 2,710 கிலோ கலோரி போதும். அதாவது வளரும் பருவத்து மாணவன் தன் தந்தையைவிட மிகுதியாக உண்ண வேண்டியவன். பெரியவர்களுக்கான அளவை வைத்து முகாமின் அரிசிக் கணக்கைப் போடுவது முதலிலேயே நேரும் பிழை.

இதனோடு சிரமதானத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் மண்வெட்டி பிடித்து வேலை செய்தால் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோ கலோரி செலவாகும். வகுப்பில் அமர்ந்திருக்கும்போது இதில் நான்கில் ஒரு பங்கு அளவே செலவாகிறது. ஆகவே மூன்று மணி நேர வேலைக்கு 500 கிலோ கலோரிக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படும். இக்குறையைச் சோற்றைக் கூட்டிப் போட்டு நிரப்புவதே வழக்கமாக இருந்து வருகிறது. வயிறு நிரம்புகிறது, உடல் நிரம்புவதில்லை.

அந்நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதலில், 2,000 கிலோ கலோரி உணவுக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம் என்ற அளவு தரப்பட்டுள்ளது. ஐம்பது பேர் கொண்ட முகாமுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்குக் காய்கறி 20 கிலோ; பருப்பும் பயறும் நான்கே கால் கிலோ. இது குறைந்த அளவே. நம் மாணவர்களின் ஆற்றல் தேவை 2,000 கிலோ கலோரிக்கு மேற்பட்டதாதலால் பருப்பு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நலம். முகாம் நடத்துவோர் தம் பழைய கொள்முதல் சீட்டுகளை எடுத்து இவ்வெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாகாது. அது சோற்றின் உறவினன்.

பருப்பு ஏன் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது? அரிசி, கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் தானியத்தில் உண்டு. இரண்டும் ஒரே உணவில் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. கிச்சடி, இட்லி, பருப்பும் ரொட்டியும் ஆகிய இவற்றில் நம் முன்னோர் வேதியியல் அறியாமலேயே கண்ட தீர்வு இதுவே. ஆனால் பருப்பு நீர்த்துப் போனால் இத்தீர்வும் நீர்த்துப் போகும்.

மாணவியரின் இரத்தசோகை

சுவரைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்ணின் தலைசுற்றலுக்கு வெயில் மட்டுமே காரணம் என்று கூற இயலாது. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 54.1 ஆக இருந்தது. அவ்வயது ஆண்களில் 31.1 விழுக்காடு. ஆகவே இருபத்தைந்து மாணவியர் உள்ள முகாமில் பதினான்கு பதினைந்து பேர் இக்குறையுடன் வந்திருக்கலாம் என்று கொண்டே வேலையையும் உணவையும் திட்டமிடுதல் வேண்டும்.

இவ்வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லி கிராம் இரும்புச்சத்து பரிந்துரைக்கப்பட்டுள்ளது. தானியம், கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்பில் உடல் ஏற்றுக்கொள்வது சிறு பகுதியே. அச்சிறு பகுதியையும் உணவோடு அருந்தும் தேநீர் தடுத்துவிடுகிறது. தேயிலையிலுள்ள டானின் இரும்போடு பிணைந்து அதை வீணாக்குகிறது. இதனாலேயே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பி வேண்டாம் என்று மேற்கூறிய வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா, மாங்காய் முதலியவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. எனவே முகாமின் தேநீர் வேளையை நண்பகல் உணவிலிருந்து பிரித்து மாலை நான்கு மணிக்குத் தள்ளிவைத்து, உணவோடு ஆளுக்கு ஒரு துண்டு எலுமிச்சை வைத்தால், பெருஞ்செலவின்றி ஒரு முன்னேற்றம் கிடைத்துவிடும்.

ஏழு நாள் உணவு இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று எண்ணுதல் தவறு. முகாம் செய்யக்கூடியது கண்டறிதலும் வழிப்படுத்துதலுமே. முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்தின் உதவியுடன் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கலாம். வளரிளம் பருவத்தினருக்கென அரசு வாரந்தோறும் வழங்கும் நீல நிற இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றிய தயக்கத்தைப் போக்கலாம். குறைவு மிகுதியாக உள்ளவர்களுக்கு மண் சுமக்கும் வேலையைத் தராமல் கணக்கெடுப்பு, நாற்றங்கால் போன்ற பணிகளைத் தரலாம். இதை ஒரு தண்டனையாகவோ சலுகையாகவோ பலர் அறியப் பேசாமல் செய்ய வேண்டும். இவ்விஷயத்தில் திட்ட அலுவலரின் நாகரிகமே மருந்தினும் முக்கியம்.

உள்ளூர்ச் சந்தையில் உள்ளவை

சத்துள்ள உணவு என்றாலே செலவு மிகுந்த உணவு என்ற எண்ணம் பல முகாம்களில் வேரூன்றியுள்ளது. நாட்டின் எப்பகுதியிலும் உழைப்பவர்களின் உணவை நோக்கினால் இது பொய் என்பது விளங்கும். பீகாரில் வயல் வேலைக்குச் செல்பவர் வறுத்த கடலையை இடித்த 'சத்து' மாவை நீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்துப் பருகுவர். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. இராஜஸ்தானிலும் குஜராத்திலும் கம்பு ரொட்டியும் மோரும். கர்நாடகத்தின் தென்பகுதியில் கேழ்வரகுக் களி. ஒடிசாவில் நீரூற்றிய 'பகாளா' சோறு. கொங்கணக் கரையில் கோகம் பழச்சாறு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு; தீட்டிய அரிசியில் பத்து மில்லி கிராம்கூடத் தேறாது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை இந்தியாவின் முன்மொழிவின்பேரில் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கொண்டாடியதோடு நில்லாமல் அவை முகாமின் அண்டாவுக்கும் வந்து சேர வேண்டும்.

காலை வேலையின் நடுவே தரப்படும் பிஸ்கட் பொட்டலம் பற்றி ஒரு சொல். அது மைதா, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றின் கலவை. அதே பணத்துக்கு ஒரு பிடி வறுத்த நிலக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வாங்கலாம். நிலக்கடலையில் நூற்றுக்கு 25 பங்கு புரதம். ஐம்பது கிராமில் 260 கிலோ கலோரிக்குக் குறையாத ஆற்றல். சிலருக்கு நிலக்கடலை ஒவ்வாது. அவர்களை முதல் நாளிலேயே கேட்டறிந்து பொரிகடலை தரலாம். மூட்டையாக வாங்கிய கடலை ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்திருந்தால் தயக்கமின்றி எறிந்துவிட வேண்டும். அப்பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முற்றிலும் அழியாது.

பெரும்பாலான முகாம்கள் பள்ளி வளாகத்திலேயே நடைபெறுகின்றன. பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை மாணவர்களுக்கு விற்கலாகாது என 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் கூறுகின்றன. விற்பனைக்கு ஆகாததை முகாமின் சார்பில் நாமே வாங்கிக் கொடுப்பது முறையன்று.

வெயிலும் நீரும்

கோடை முகாமில் கால அட்டவணையே முதல் மருந்து. ஏப்ரல், மே மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் பத்து மணிக்கே வெயில் தாங்கொணாததாகிவிடும். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் சிரமதானத்தை முடித்துவிடுவதும், பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை எவரையும் வெளியில் அனுப்பாதிருப்பதும் விதியாக வேண்டும். பார்வையிட வரும் பிரமுகருக்காகப் பதினொரு மணி வரை மண்வெட்டியுடன் மாணவர்களை நிறுத்திவைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அது நிற்க வேண்டும்.

வெயிலில் உழைப்பவர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழக்கக்கூடும். தாகம் எடுத்தபின் குடிப்பது போதாது. கால் மணிக்கு ஒரு முறை ஒரு குவளை நீர் என்ற ஒழுங்கு வேண்டும். இடையிடையே உப்பிட்ட மோரோ எலுமிச்சை நீரோ தரலாம். குடிநீரைக் கொதிக்க வைத்தோ குளோரின் இட்டோ தர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமே முதல் உதவி. அதன் ஆற்றல் நம் நாட்டில் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டதும் ஒரு முகாமில்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்கானில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று அப்பொட்டலம் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கிறது. முகாமின் முதலுதவிப் பெட்டியில் அது இல்லாமற் போவதற்குக் காரணம் ஏதுமில்லை. ஆனால் வெயிலில் நின்றவர் பேச்சுத் தடுமாறினாலோ நினைவு மங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்நிலையில் வாயில் எதையும் ஊற்றலாகாது.

எல்லோருக்கும் ஆட்டம்

மண் சுமப்பதே உடற்பயிற்சிதானே, தனியாக விளையாட்டு எதற்கு என்று கேட்பவர் உண்டு. சிரமதானம் முகாமோடு முடிந்துவிடும். கற்ற ஆட்டம் உடன் வரும். 5 முதல் 17 வயதுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவிலும் நான்கில் மூவர் அளவினர் எட்டாதவர்களே.

முகாம்களின் மாலை நேரத்தைக் கவனித்தால் இதன் காரணம் ஒன்று புலப்படும். ஐம்பது பேரில் இருபத்திரண்டு பேர் கிரிக்கெட் ஆடுவர். அவர்களிலும் ஓடுபவர் சிலர், நிற்பவர் பலர். எஞ்சிய இருபத்தெட்டுப் பேர் வேடிக்கை பார்ப்பர். அதே இருபத்தெட்டுப் பேருக்கு இரண்டு கபடிக் களம் போதும். கோகோவில் அணிக்கு ஒன்பது பேர் களமிறங்குவர். வேண்டிய கருவி இரண்டு கம்பங்கள் மட்டுமே. 2025 ஜனவரியில் டில்லியில் நடந்த முதலாவது கோகோ உலகக் கோப்பையில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் இந்தியாவே வென்றது. மண் தரையில் பிறந்த ஆட்டத்துக்கு மண் தரை முகாமைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆட்டத்தில் வல்லவர்களைக் கொண்டு போட்டி நடத்திப் பரிசளிப்பது கடைசி நாளுக்கு இருக்கட்டும். முதல் ஆறு நாட்களும் ஆடத் தெரியாதவர்களுக்கே உரியவை.

மாணவியர் நிலை இங்கும் வேறு. பூப்பெய்திய பின் ஓடி ஆடியதே இல்லை என்று கூறும் பெண்கள் முகாமுக்கு வருகின்றனர். மாலையில் ஊரார் சூழ்ந்து நின்று பார்க்கும் திடலில் அவர்கள் இறங்கத் தயங்குவது இயல்பே. அதிகாலையில் பள்ளிச் சுவருக்குள், ஒரு பயிற்றுநரின் துணையோடு தொடங்கினால் மூன்றாம் நாளில் தயக்கம் விலகுவதைக் காணலாம். அவர்கள் ஆடாததற்கு மற்றொரு காரணமும் உண்டு: மாலை ஐந்து மணிக்கு மாணவர்கள் பந்தோடு புறப்படும்போது, மாணவியர் காய் நறுக்க அழைக்கப்படுகின்றனர்.

சமையற்குழு

ஆகவே சமையற்குழு ஆண்களும் பெண்களும் சம அளவில் கலந்து, நாள்தோறும் முறை மாறி வர வேண்டும். பத்துப் பேர் கொண்ட ஐந்து குழுக்கள். முதல் ஐந்து நாட்கள் குழுவுக்கு ஒரு நாள், எஞ்சிய இரண்டு நாட்கள் எல்லாக் குழுவிலிருந்தும் இருவர் இருவராக. முதல் நாள் மாவு பிசையத் தெரியாத மாணவன் கை முழுதும் மாவோடு நிற்பதைக் கண்டு சிரிப்பு எழும், எழட்டும். கூலிக்குச் சமையற்காரர் ஒருவர் இருந்தாலும் அவர் வழிகாட்டியாகவே இருக்க வேண்டும். யார் கையால் ஆக்கியதை யார் உண்பது என்ற பிரிவினை நம் கிராமங்களில் இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. எல்லாச் சாதி மாணவரும் சேர்ந்து ஆக்கி, ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் காட்சியைத் தங்குமிடத்தின் ஊரார் ஏழு நாளும் பார்க்கின்றனர். சமத்துவம் பற்றிய மாலைச் சொற்பொழிவைவிட அவர்கள் அதையே நினைவில் வைத்திருப்பர். அவர்களில் சிலரையும் ஒரு நாள் பந்திக்கு அழைக்கலாம்.

தூய்மையில் விட்டுக்கொடுப்பு கூடாது. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்க வேண்டும். ஆக்கிய சோற்றைக் கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருந்து பரிமாறலாகாது. மீண்டும் சூடு செய்தாலும் சில நுண்ணுயிர்களின் நஞ்சு அழிவதில்லை. பகாளா போன்றவற்றைப் பழகிய வீட்டார் செய்யும் பக்குவம் வேறு, அண்டாவில் மீந்ததற்கு நீரூற்றி வைப்பது வேறு. பொரித்த எண்ணெயை மறுநாளும் அடுப்பேற்றும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டியவை சிலவே: வாங்கியது என்ன, எவ்வளவு, என்ன விலை, மீந்தது எவ்வளவு, எது விரும்பி உண்ணப்பட்டது, எத்தனை பேர் ஆட்டத்தில் இறங்கினர், யாருக்கேனும் தலைசுற்றலோ வயிற்றுக் கோளாறோ உண்டா. மீந்த சோற்றை மட்டுமன்றி, மீந்த கறியையும் நிறுத்து எழுத வேண்டும். முதல் நாள் கேழ்வரகுக் களி மீந்துவிட்டது என்று கைவிடாமல், மறுநாள் அதை அடையாகத் தட்டிப் பார்த்த குழுவின் குறிப்பு, அடுத்த ஆண்டு அதே ஊரில் முகாமிடும் குழுவுக்குப் பயன்படும். கொடியிறக்கம் முடிந்து பேருந்து வந்து நிற்கும்போது, கல்லூரி அலுவலகத்துக்குச் செல்லும் பெட்டியில் நிழற்படங்களோடு இப்பதிவேடும் வைக்கப்பட வேண்டும். அதன் படியொன்று ஊர்ப் பள்ளியின் மதிய உணவுக்கூடத்தில் சமைக்கும் அம்மையாரிடம் கொடுக்கப்பட வேண்டும்.